அம்மா ஜாடை

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிய பல் டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

பதில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த எட்டு வயது மகளுக்குக் கீழ்ப்பற்கள் மேற்பற்களை முந்திக்கொண்டு நின்றன. அம்மாவுக்கும் அதே கதைதான். கீழ்த்தாடை எந்நேரமும் ஓர் அடி முன்னால் போய்க்கொண்டிருக்கும் முகம்.

அம்மா தையல்காரி. நூலைப் பல்லால் கடித்து அறுக்கத் தெரியாத தையல்காரி. முன்பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால்தானே கடிப்பதற்கு. அதனால் கழுத்தில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் தொங்கும். அதைக் கழற்ற மறந்து இங்கேயும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு புல்டோசர் என்று பெயர். கல்யாணப் படத்தில்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறாள்.

ஆனால் அதே தாடை மகள் முகத்தில் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் தலைகீழாகிப் போனது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறதாம். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அப்படிச் சொன்னவர்களின் துணி மறுநாளே தயாராக இருக்கும். சொல்லாதவர்கள் கடைக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

மகள் பழத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். முன்பல் ஒன்றின் நுனியும் தேய்ந்துபோயிருந்தது. அதைப் பார்த்த பிறகு அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"இது அம்மா வாகு," என்றார் டாக்டர். "எலும்பு வளர்றதே அப்படி. இப்ப இழுத்துப் பிடிச்சாலும் வளர வளர திரும்பி வந்துடும். பதினெட்டு வயசு ஆகட்டும். வளர்ச்சி நின்னதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இந்த வயதில் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் வேறு மாதிரி யோசித்திருப்பாராம். சில பிள்ளைகளுக்கு எலும்பு சரியாகத்தான் இருக்கும், தாடை மட்டும் முன்னால் நழுவி நழுவிப் பழகியிருக்கும், அதற்குப் பல்லில் மாட்டும் ஒரு சின்ன பிளேட் போதும், சில மாதத்தில் சரியாகிவிடும். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு அதைப் பேசி என்ன பயன் என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

பதினெட்டு. அதுவரைக்கும் புல்டோசர். அதற்கப்புறம் கத்தி.

அம்மா கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. சொல்லிவிட்டால் மகள் காத்திருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டால் பஸ்ஸில் யாரும் அந்தப் பாட்டைப் பாடவும் மாட்டார்கள். இரண்டு முறை தொண்டை வரை வந்ததை மென்று விழுங்கினாள். மூன்றாவது முறை விழுங்கவில்லை.

"என்கிட்டேருந்து வந்திருக்க முடியாது டாக்டர். எங்ககிட்ட வந்தப்பவே இவளுக்கு ரெண்டு வயசு."

கையுறை பாதியில் நின்றது.

மகளுக்குத் தெரிந்த விஷயம்தான். தூங்கும் முன் அவளே கேட்டு வாங்கிக்கொள்ளும் கதை அது. வெளியாருக்குத்தான் சொன்னதில்லை. முதலில் எல்லாம் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் குழந்தை என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அம்மாவைக் குடைந்துகொண்டே இருக்கும். தாடை முன்னால் வந்த பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். நாக்கு நுனியை மேலே மடித்து, முடிந்தவரை பின்னால் கொண்டுபோகச் சொன்னார். மகளின் மோவாயைப் பிடித்து மெல்ல வாயை மூடினார். மேல், கீழ் முன்பற்கள் நுனியோடு நுனி வந்து நின்றன. நம்பாமல் மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தார். அப்போதும் நின்றன.

எலும்பில் கோளாறு இல்லை, வெறும் பழக்கம்தான் என்றார். பிளேட் போட்டால் பெரிய லீவுக்குள் சரியாகிவிடும். தாடையை இப்படித் தள்ளி வைக்க இவள் எங்கே பழகினாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மகள் விளக்கைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் போல அம்மாவைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல சேர்ந்தப்போ கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்மா. அப்பதானே உன் பொண்ணுன்னு எல்லாரும் நம்புவாங்க. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு."

அம்மா அழுதாள். டாக்டர் முன்னாலேயே, வாயை மறைக்காமல்.

மகளுக்குப் பயம் வந்துவிட்டது. பிளேட் வேண்டாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களுக்கும் இதைச் சரிசெய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாள். உங்களுக்கு எலும்பே அப்படித்தான், முதலில் கிளிப், பிறகு ஆபரேஷன், கொஞ்சம் நாளாகும், ஆனால் முடியும் என்றார் டாக்டர்.

"அப்ப இறங்குடி. ரெண்டு பேரும் ஒரே மாதிரியே இருப்போம்."

கழுத்திலிருந்த கத்தரிக்கோலைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, அம்மா நாற்காலியில் ஏறிப் படுத்தாள்.