கிழமையில் ஒரு நாள்

குருநகரில் மரியநாயகியின் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த கீர்த்திகா, கதிரையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள்.

“வெளிநாட்டுப் பருப்பிலை பூச்சிமருந்து எவ்வளவு மட்டும் இருக்கலாமெண்டு அளவு வைக்கப் போகினம், அம்மா. சனம் கனக்கச் சாப்பிட்டால் அளவைக் குறைப்பினம். குறையச் சாப்பிட்டால் கூட்டிவிடுவினம். நீங்கள் கிழமையிலை எத்தினை நாள் பருப்புச் சமைப்பியள்?”

மரியநாயகி சிரித்தாள். “நாங்கள் கடல் ஆக்கள், பிள்ளை. மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. பருப்பு எப்பவாவது ஒரு நாள்.”

“சின்னப் பிள்ளைக்கும் அப்பிடியோ?”

“ஓம். பேத்திக்கும் மீன்தான்.”

கீர்த்திகா ‘ஒன்று’ என்று எழுதிக்கொண்டு எழும்பிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மரியநாயகி குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்தாள். காலையில் பாணுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த பருப்புத்தான் மத்தியானச் சோற்றுக்கும் இருந்தது. இரவுக்கும் அதுதான். இழுவைப்படகு வலையை அறுத்துக்கொண்டு போன நாளிலிருந்து, ஐந்து மாதமாக, அவள் புருசன் சந்தியோகு கடலுக்குப் போகவில்லை. அந்த வீட்டில் மீன் வாசமே இல்லை. அதை ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பேத்தி கோப்பையை நீட்டினாள். மரியநாயகி பருப்பை அள்ளி ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு யசிந்தாவின் அடுப்பிலும் மாதக்கணக்காகப் பருப்புத்தான். அவளாவது உள்ளதைச் சொல்லட்டும் என்று மரியநாயகி வேலியோரம் போய் நின்றாள்.

“பருப்போ?” என்றாள் யசிந்தா, கீர்த்திகாவிடம். “எங்கடை வீட்டிலை ஆர் பிள்ளை அதைத் தொடுகினம்?”