நான்காவது படி

"மூணு படிதான்லா. நாலாவது படி எங்கேருந்து வந்துச்சு?"

பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ராகினி கேட்டாள். மேசைமேல் நின்ற ராணுவ விமானம் ஒரு சாண் நீளம். அதன் கதவுக்குக் கீழே தொங்கிய குட்டி ஏணியைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நிவேந்திரன் டீயை அவள் பக்கம் நகர்த்தினான். குருபோங்கில் இருக்கும் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, ஏழு மாதமாகக் கட்டிய மாடல் அது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டியதோடு அவன் விட்டுவிடவில்லை. சாக்லேட் சுற்றி வந்த தகட்டை நறுக்கி விமானியின் இருக்கைக்கு பெல்ட் போட்டிருந்தான். பழைய சார்ஜர் ஒயரைப் பிரித்து, முடி போன்ற செம்புக் கம்பிகளை எஞ்சினுக்குள் ஓட்டியிருந்தான். ஏணிக்கு மட்டும் பதினோரு நாள். கிதார் கம்பியை வெட்டி வெட்டி.

"அக்கா, நீங்க ஜட்ஜா வந்தீங்களா, டீ குடிக்க வந்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமைதான் நான் ஜட்ஜ். இன்னிக்கு வெறும் அக்கா. அக்காவா சொல்றேன், ஒரு படியைப் பிடுங்கிடு."

ஞாயிற்றுக்கிழமை மாடல் போட்டி. நிஜ விமானத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கே நாற்பது மார்க். நிவேந்திரனுக்கு இரண்டு வருடமாக இரண்டாம் பரிசு. இரண்டு தடவையும் இரண்டு மார்க்கில்தான் முதலிடம் போனது.

"ஒரு படி கூடுனா அஞ்சு மார்க் போச்சு. மறுபடியும் ரெண்டாவதா நிக்கப் போறியா?"

"என்கிட்ட ஆதாரம் இருக்கு." பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். கறுப்பு வெள்ளைப் படம். சிப்பாய்கள் விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"நாலாவது நிழல்."

"நிழல் மேல கால வச்சு ஒருத்தன் ஏறுறானா?"

"ராணுவம்பா. எல்லாம் செய்வாங்க."

"அஞ்சு வருஷத்துக்கு முன்ன இதே விமானத்தைக் கட்டினீங்களே, எதைப் பார்த்து மூணு வச்சீங்க?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? முதல் பரிசு குடுத்தாங்கல்ல. தப்பா இருந்தா குடுப்பாங்களா?"

"இது ஒரு பதிலாக்கா?"

"சரி, வாய்ச்சண்டை வேணாம். புக்கிட் ரம்பாய் திடல்ல நிஜ விமானமே நிக்குது. பழுதுபார்க்குறோம்னு ரெண்டு வருஷமா மூடி வச்சிருந்தத இந்த வாரம்தான் திறந்துருக்காங்க. போய்ப் பார்த்துருவோம். நாலு இருந்தா, என் மாடல் தப்புன்னு நானே மைக்ல சொல்றேன். மூணு இருந்தா?"

"அங்கேயே பிடுங்கிடறேன்."

விமானம் ஒரு கேக் பெட்டிக்குள் போனது. ராகினி அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிவேந்திரன் காரை ஊர விட்டான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"கல்யாணப் பொண்ணைக்கூட இப்படி யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க லா."

"கல்யாணப் பொண்ணு ஒடஞ்சா ஒட்டிக்கலாம்க்கா. ரெக்கை ஒடஞ்சா?"

"இதுக்குத்தான் ஒனக்கு இன்னும் பொண்ணு கிடைக்கல."

திடலில் வெயில் கொளுத்தியது. புதுப் பச்சைப் பெயின்டில் விமானம் மின்னியது. இருவரும் கதவுக்குக் கீழே போய் நின்றார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிவேந்திரன் இன்னொரு தடவை எண்ணினான். ஒரு படி உடைந்து விழுந்த தடம் இருக்குமோ என்று கம்பியைக் கீழ்வரை தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது.

"என்னா, நிழலைத் தேடுறியா?"

அவன் சிரித்துவிட்டான். புல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். சின்ன இடுக்கியால் நான்காவது படியைப் பிடித்து மெல்லத் திருகினான். 'டிக்'கென்று ஒரு சத்தம். படி தெறித்துப் புல்லுக்குள் போய் மறைந்தது. அவன் தேடவில்லை.

"நல்லவேளை வந்தோம்க்கா. புத்தகத்தை நம்பிக் கெட்டிருப்பேன்."

"இப்பதான் இது அச்சு அசல்." ராகினி மாடலைத் தூக்கி, நிஜ விமானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "முதல் பரிசு வாங்குனா எனக்கு ரொட்டி சானாய் வாங்கித் தரணும்."

"ஜட்ஜுக்கு லஞ்சமா?"

"அக்காவுக்குலா."

பெயின்ட் டப்பாவோடு ஒரு பெரியவர் வந்தார். சட்டையில் வீரப்பன் என்று பெயர் தைத்திருந்தது.

"என்னா தம்பி, ரொம்ப நேரமா ஏணியையே பார்க்குறீங்க? நல்லாருக்கா? நான் வச்சதுதான்."

"நீங்க வச்சதாண்ணே?"

"பழைய ஏணி துருப்பிடிச்சு விழுந்து பத்து வருஷம் இருக்கும். அது எப்படி இருந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. அப்புறம் எங்கேயோ தேடி ஒரு போட்டோ அனுப்புனாங்க. இதைப் பார்த்து வெல்டிங் வச்சுருன்னாங்க. அப்படியே வச்சேன், ஒரு கம்பிகூட மாத்தல."

அவர் போனைச் சட்டையில் துடைத்து நீட்டினார். படத்தில் அதே விமானம், கதவுக்குக் கீழே மூன்று படிகளோடு. அதை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, முதல் பரிசு ரிப்பனோடு சிரித்துக்கொண்டிருந்தவள் ராகினி.