புருவத்து மச்சம்

அன்று மாலை நானும் என்னோடு இரட்டையாகப் பிறந்த இளவேனியும் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் விண்கலத் தலைவியின் நகலாக உருவாக்கப்பட்ட பெண் தீயில் கருகிப்போனாள். மற்றவர்கள் தலைவியைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"செத்தவளுக்கு ஒருத்தர்கூட அழலையேடி" என்றாள் இளவேனி.

"அது வெறும் காப்பிடி, லூசு" என்றேன்.

மறுநாள் லாரி மோதி இளவேனி இறந்தாள்.

"அழாதீங்க அண்ணி, அதே மொகம் வீட்டுல இருக்குல்ல" என்றாள் அத்தை. அம்மா என்னைப் பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள்.

இளவேனியின் நல்ல படம் கிடைக்கவில்லை என்று அப்பா என் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். "ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்மா" என்றார்.

அம்மா தினமும் அதற்குப் பூ வைக்கிறாள். படத்தில் இடப்புருவத்தின் மேல் மச்சம் இருக்கிறது. இளவேனிக்கு அங்கே மச்சம் கிடையாது.