வேர் பார்த்த கோழி

ஈழத்தலரிக் கிளை ஒன்றை வெட்டி, பால் காயும்வரை நிழலில் போட்டு, பிறகு தோட்டத்தில் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் கோழி வந்து அதன் அடிமண்ணைக் கிளறும்.

"வேர் விட்டுச்சா?"

"நேத்துதானே பார்த்தே! நீ இப்படித் தோண்டிக்கிட்டே இருந்தா எங்கேயிருந்து விடும்?" என்று கிளை கத்தும்.

"எல்லாம் உன்மேல இருக்கிற அக்கறைதான்" என்று சொல்லிவிட்டுக் கோழி இன்னும் கொஞ்சம் கிளறும்.

ஒருநாள் கோழி பக்கத்துக் கூடையில் அடைக்கு உட்கார்ந்தது.

"ஒரு முட்டையை உடைச்சுப் பாரேன், குஞ்சு வந்திருக்கான்னு" என்றது கிளை.

கோழிக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "என்ன பேச்சு பேசுறே! அதுக்கு நாள் ஆகவேணாமா?"

"எனக்கு?" என்றது கிளை.

மூன்று வாரம் கழித்துக் கோழி குஞ்சுகளோடு வந்தது. கிளையின் நுனியில் இரண்டு இலைகள் விட்டிருந்தன. குஞ்சு ஒன்று அடிமண்ணைக் கிளறக் காலைத் தூக்கியது. கோழி அதன் தலையில் நறுக்கென்று கொத்தியது.