அறிக்கையில் இல்லாத பெயர்

"ஒண்ணு, மோட்டார் சூடாகுதுன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தோம். நிறுத்தலை. ரெண்டு, நிறுத்தாம, பக்கத்துல ஒரு ஃபேனை வச்சு ஓட்டச் சொன்னீங்க. மூணு, அது தீப்பிடிச்சு சுருட்டை செத்தான். நாலு, விசாரணை அறிக்கையில அவன் பேரைக்கூடப் போடலை. 'ஓர் ஒப்பந்தத் தொழிலாளி'ன்னு முடிச்சீங்க. அஞ்சு, ஏன்னு கேட்ட என்னை வேலையை விட்டுத் தூக்கினீங்க."

வரிசை மாறவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மேடைகளில் செயலாளர் இதே வரிசையில்தான் சொல்லிவருகிறார். தொழிற்சங்கம் இப்போது இல்லை. மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடைதான் அவருக்கு மிச்சம். ஆனாலும் எல்லோருக்கும் அவர் இன்னும் செயலாளர்தான்.

எதிரில் நின்றவர் விபத்து நடந்த தொழிற்சாலையின் பழைய மேனேஜர். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஓர் அட்டைப் பெட்டி.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை," என்றார். "இதைக் கொஞ்சம் பாப்பீங்களா?"

பெட்டிக்குள் உள்ளங்கை நீளத்தில் பழைய ரயில் எஞ்சின் ஒன்று. மகன் சின்ன வயதில் ஓட்டியதாம். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாளாம். இரண்டு சுற்று ஓடியதும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறதாம். நாலு கடையில் காட்டியும் யாரும் தொடவில்லையாம்.

பெஞ்சில் வெல்டரும் பெயின்டரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்துப் பழைய தோழர்கள். பெட்டி தெருவுக்குப் பறக்கப்போகிறது என்று வெல்டர் காலை மடக்கி வழி விட்டுவிட்டார்.

செயலாளர் திருப்புளியை எடுத்தார்.

"என்ன தோழர், வர்க்கம் மாறிட்டீங்களா?" என்றார் பெயின்டர்.

செயலாளர் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினார். கட்டைவிரல் அளவு மோட்டாரிலிருந்து எண்ணெய் வழிந்தது.

"சூடானா என்ன பண்ணுவீங்க?"

"எண்ணெய் விடுவேன். கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல வச்சு, மறுபடி ஓட்டுவேன்."

"பொம்மைக்கும் அதே வைத்தியமா?" என்றார் வெல்டர்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

மின்சாரம் கடத்தும் கரிக்கட்டையான பிரஷ் தேய்ந்து உதிர்ந்த தூளும் எண்ணெயும் குழைந்து களிம்பாகி, சுழலும் செம்புத் துண்டுகளின் இடுக்குகளை அடைத்திருந்தன. கம்பிச் சுருளுக்குள் போகவேண்டிய மின்சாரம் களிம்பு வழியே குறுக்கே பாய்ந்தது. சூட்டுக்குக் காரணம் அதுதான். செயலாளர் பல் குத்தும் குச்சியைச் சீவி இடுக்குகளைச் சுரண்டினார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். சக்கர அச்சில் இறுகியிருந்த தலைமுடியையும் விரிப்பு நூலையும் இடுக்கியால் உருவினார். கடைசியில் அச்சின் இரண்டு முனைகளிலும் ஊசி நுனியால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் வைத்தார். இனி இதற்கு மேல் விடக்கூடாது என்று மேனேஜரிடம் சொன்னார்.

பெட்டியிலிருந்த தண்டவாளத் துண்டுகளை மேஜைமேல் வட்டமாகப் பூட்டி ஓடவிட்டார். இருபது சுற்று. நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி மோட்டாரில் விரலை வைத்துப் பத்து எண்ணினார். பட்டறையில் அதுதான் கணக்கு. பத்து எண்ணும்வரை விரல் தாங்கினால் மோட்டார் பிழைத்தது.

வெல்டருக்கும் கை சும்மா இருக்கவில்லை. அவரும் வைத்து எண்ணினார்.

"அன்னைக்கு ஃபாக்டரி மோட்டார்ல ரெண்டுகூட எண்ண முடியலை," என்றார்.

மேனேஜர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க."

"பணம் வேண்டாம். இவங்க ரெண்டு பேரும் சாட்சி. அறிக்கையில போடாத அந்தப் பேரை உங்க வாயால வாசிக்கணும். சத்தமா வாசிக்கணும். நான் எழுதித் தரேன்."

அவர் ஏன் திருப்புளியை எடுத்தார் என்று தோழர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பெயின்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கொடுங்க, வாசிக்கிறேன்."

செயலாளர் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பேனாவைத் திறந்து தாளில் வைத்தார். வைத்த இடத்திலேயே மை ஊறியது.

"சுருட்டையோட சொந்தப் பேரு..." என்று வெல்டரைப் பார்த்தார்.

வெல்டர் பெயின்டரைப் பார்த்தார். வருஷா வருஷம் நினைவுநாள் தட்டி எழுதியவர் அவர்தான்.

"'தோழர் சுருட்டை'ன்னுதானே எழுதச் சொன்னீங்க," என்றார் பெயின்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சங்கத்து உறுப்பினர் பதிவேட்டுல இருக்குமே?" என்றார்.

இருக்காது. ஒப்பந்த ஆட்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்று அப்போது ஒரு தீர்மானம் இருந்தது. அதன் அடியிலிருந்த கையெழுத்து செயலாளருடையது.

மேனேஜர் பேனாவுக்காகக் கையை நீட்டினார். செயலாளர் கொடுத்தார்.

"அறிக்கையில முதல்ல பேரு இருந்துச்சு. கோடு போட்டு அடிச்சது நான்தான்," என்றார் மேனேஜர். "அடிச்ச பேரு மறக்க மாட்டேங்குது."

யோசிக்காமல் எழுதினார். தாளைத் தூக்கிப் பிடித்து, தகப்பன் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

இருபத்திரண்டு வருஷம் அவனுக்காக முழங்கிய மூன்று பேரும் அவன் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.