சங்கிலி வேண்டாம்

"சங்கிலி வச்சது வேணாம், தம்பி. பல்சக்கரம் வச்சதையே குடுங்க" என்றார் லாரிக்காரர் மறுபடியும்.

இன்ஜினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் மேசைமேல் இருந்தன; ஒன்றின் உள்ளே சங்கிலி, மற்றதில் பல்சக்கரம். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க, அண்ணே. அது ரெண்டு மடங்கு விலை!"

"நம்ம வண்டி டீசல் இன்ஜின், முரட்டு இழுவை. மேட்டுல சங்கிலி தாங்காது."

"அப்ப மறுபடியும் மலைக்கு லோடு அடிக்கப் போறீங்களா?"

"இல்ல. வண்டியை வித்துட்டேன். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க."

மனிதருக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வித்த வண்டிக்கு எதுக்குண்ணே தண்டச் செலவு? சங்கிலி வச்சதையே மாட்டி விடுங்க. உள்ள என்ன இருக்குன்னு வாங்கறவனுக்குத் தெரியவா போகுது?"

லாரிக்காரர் கனமான பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வித்தவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு, தம்பி. மேட்டுல சங்கிலி அறுந்து வண்டி பின்னால உருண்டப்ப, சக்கரத்துக்குக் கட்டை போடக் குதிச்சது என் மகன்."