பின்னறை

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பின்னறையைத்தான் திறக்கச் சொல்வார்கள். பழைய போன், வாட்ச் எதையும் வெளியே போடக்கூடாது, அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, குடும்பத்தின் லட்சணம் அந்த அறையில்தான் தெரிந்தது.

செண்பகவல்லி தைரியமாகக் கதவைத் திறந்துவிட்டாள். புது மாடல் எது வந்தாலும் அவள் கணவருக்குக் கை துறுதுறுக்கும். கூரை முட்டக் குவிந்திருந்ததையெல்லாம் போன வாரம் இருவருமாகக் கொல்லைக் கிணற்றில் கொட்டிவிட்டார்கள். மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "ஒரு ஓட்டை ரேடியோகூட இல்லியே! இப்படியொரு குடும்பத்தத்தான் தேடிக்கிட்டிருந்தோம், மதினி."

அன்று விடியற்காலைதான் சென்னையிலிருந்து வந்திறங்கிய மகள் பூங்கோதை, செம்பை நீட்டினாள். "நம்ம கெணத்துத் தண்ணி, அத்தை. ஜில்லுன்னு இருக்கும்."

அந்த அம்மாள் செம்பை உயர்த்தினாள். செண்பகவல்லி பாய்ந்து பிடுங்கினாள்.

"குடிக்காதீங்க மதினி! அந்த ரூம்ல கெடந்தது பூராவும் கெணத்துக்குள்ளதான் கெடக்கு."

பூங்கோதையின் கை மெல்லத் தொண்டைக்குப் போனது.

"யம்மா, வந்ததுலேருந்து நான் அதத்தானே குடிக்கேன்."